பிரிக்காத கவரும் எசேக்கியாவும்

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சு என் வீட்டுக்காரர் லேத் பட்டறைக்கு லோன் எடுத்தார். ஆறு மாசமா ட்யூ கட்டல. பேங்க்ல இருந்து ரெஜிஸ்டர் தபால் மூணு வந்துடுச்சு, ஒண்ணைக்கூட அவர் பிரிக்கல, பைபிளுக்குள்ள வச்சு மூடிட்டு "எசேக்கியா ராஜா கடிதத்தை கர்த்தர் முன்னாடி வச்சான், கர்த்தர் பாத்துக்கிட்டார், நமக்கும் பாத்துப்பார்"ங்கறார். பேங்குக்குப் போய் பேசலாம், என் நகையை வித்தாவது கொஞ்சம் கட்டலாம்னா உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்றார். கொழுந்தன் வேற, ஒரு ஃபைனான்ஸ்ல வாங்கி பேங்கை அடைச்சிடலாம்னு சொல்லிட்டிருக்கான். நான் விசுவாசம் இல்லாதவளா அக்கா?
- ஒரு சகோதரி

பதில்: சகோதரி, உங்க வீட்டுக்காரர் பிடிச்ச வசனம் நல்ல வசனம்தான், ஆனா அதுல ஒரு வார்த்தையை தாண்டிட்டார். 2 இராஜாக்கள் 19:14ஐ எடுத்து ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. யூதா தேசத்து ராஜா எசேக்கியா அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, தூதர்கள் கையில இருந்து வாங்கினான், வாசிச்சான், அதுக்கப்புறம்தான் ஆலயத்துக்குப் போய் கர்த்தர் முன்னாடி விரிச்சான். வாசிச்சான்னு தெளிவா போட்டிருக்கு. ஒட்டின கவரை எப்படிம்மா விரிக்கிறது?

அந்த நிருபம் சாதாரண நிருபமும் இல்ல, எருசலேமை விட மாட்டேன்னு அசீரியா ராஜா அனுப்பின மிரட்டல். கி.மு. 701ல அசீரியா ராஜா சனகெரிப் யூதா தேசத்துக்குள்ள புகுந்து கோட்டை ஊரா பாத்து பிடிச்சிட்டு வந்தான். 46 ஊரை பிடிச்சேன், எசேக்கியாவை எருசலேம்ல கூண்டுப் பறவை மாதிரி அடைச்சு வச்சேன்னு அவனே களிமண்ணுல எழுதி வச்சிருக்கான், அது இன்னைக்கும் இருக்கு. லாகீஸ் ஊர் விழுந்ததை நினிவே அரண்மனை சுவர்ல கல்லுல செதுக்கினான், இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, மாட்டு வண்டியில சாமானை ஏத்திக்கிட்டு பொம்பளைங்களும் பிள்ளைங்களும் ஊரை விட்டுப் போற காட்சி எல்லாம் அதுல இருக்கு. எருசலேம் தப்பிச்சது உண்மை, ஆனா லாகீஸ்காரங்க வீடு வாசல் போச்சே, அதுவும் உண்மைதானே. நம்பின ராஜாவோட தேசத்துலதான் இதெல்லாம் நடந்துச்சு. கடைசி காட்சியை மட்டும் எடுத்துக்கிட்டு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு கொஞ்சம் கோவம்கூட வரும், போகட்டும்.

இன்னொண்ணு, அவன் ஜெபத்துல என்ன சொன்னான்னு பாருங்க. ஏசாயா 37ல "மெய்தான் கர்த்தாவே"ன்னு வருது. அசீரியாக்காரன் மத்த தேசங்களை எல்லாம் அழிச்சது நிஜம்னு ஒத்துக்கிட்டுத்தான் காப்பாத்துங்கன்னு கேக்குறான். அதுக்கு முன்னாடியே தீர்க்கதரிசி ஏசாயா கிட்ட ஆள் அனுப்பும்போது பிள்ளை பிறக்குற நேரம் வந்துடுச்சு, பெறத்தான் பெலன் இல்லன்னு சொல்லி அனுப்பினவன் அவன். பயத்தை மறைக்கவே இல்ல. உங்க வீட்டுக்காரர் பயந்துதான் கவரை பிரிக்காம வச்சிருக்கார்னு எனக்கு தோணுது, அது தப்பில்ல, யாருக்கும் கை நடுங்கும், ஆனா அந்தப் பயத்துக்கு விசுவாசம்னு பேர் வைக்கிறதுதான் சிக்கல்.

ஜெபம் பண்ணிட்டு சும்மா உக்காந்திருந்தானான்னா அதுவும் கிடையாது. சனகெரிப் வர்றான்னு தெரிஞ்சதுமே வெளிய இருந்த ஊற்றெல்லாம் அடைச்சான், இடிஞ்ச மதிலை கட்டினான், 2 நாளாகமம் 32ல இருக்கு. கீகோன் ஊற்றுத் தண்ணியை பாறைக்குள்ள 533 மீட்டர் குடைஞ்சு சீலோவாம் குளத்துக்கு கொண்டு வந்தாங்க, இன்னைக்கும் முழங்கால் தண்ணியில அதுக்குள்ள நடந்து போறாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் வெட்டிட்டு வந்து நடுவுல ஒருத்தர் குரல் ஒருத்தருக்கு கேட்டுச்சுன்னு உள்ளேயே ஒரு கல்வெட்டு இருந்தது, 1880ல கிடைச்சுது, இப்ப இஸ்தான்புல் மியூசியத்துல. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அதுல ராஜா பேரும் இல்ல கர்த்தர் நாமமும் இல்ல, கல் வெட்டினவன் கதை மட்டும்தான் இருக்கு. இப்படி தண்ணிக்கு சுரங்கம் வெட்டின ராஜாவைத்தான், இவன் மாதிரி கர்த்தரை நம்பினவன் முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்லன்னு 2 இராஜாக்கள் 18:5 சொல்லுது. அப்ப பேங்குக்குப் போய் பேசலாம்னு சொன்ன நீங்க விசுவாசம் இல்லாதவளா எப்படி ஆவீங்க?

உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஏசாயா 22ல தீர்க்கதரிசி திட்டுறார், மதிலை பாத்தீங்க குளத்தை வெட்டினீங்க, அதை உண்டாக்கினவரை பாக்கலன்னு. எசேக்கியா காலத்து வேலையைத்தான் சொல்றார்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஓடி ஓடி ஏற்பாடு பண்ற எனக்கும் அந்த வசனம் குத்தும். அவர் ஜெபத்துக்கு கூப்பிடும்போது மூஞ்சியை திருப்பிக்காதீங்க, கூட உக்காருங்க.

இப்ப கொழுந்தன் சொல்ற ஃபைனான்ஸ். இதுல எசேக்கியாவை விட, அவனுக்கு முன்னாடி யூதாவை ஆண்ட அவன் அப்பா ஆகாஸ் கதைதான் பொருந்தும். சீரியாக்காரனும் இஸ்ரவேல் ராஜாவும் சேர்ந்து மேல வர்றாங்கன்னு ஆகாஸ் நடுங்கிட்டிருந்தப்ப, மேல்குளத்து வாய்க்கால் பக்கம் ஏசாயா வந்து பயப்படாதேன்னு சொன்னார். இவன் கேக்கல, ஆலயத்துல இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியா ராஜாவுக்கு அனுப்பி "நான் உம்முடைய அடியான், உம்முடைய குமாரன், வந்து காப்பாத்தும்"னான். அவனும் வந்தான், சீரியாவை அடிச்சான், அப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு அதே அசீரியாவோட ஆளு ரப்சாக்கே வந்து நின்னு மிரட்டினான் பாருங்க, எந்த இடத்துல தெரியுமா? அதே மேல்குளத்து வாய்க்கால் பக்கம். அப்பன் கூப்பிட்டவன் மகன் வாசல்ல வந்து நிக்கிறான். ஒரு கடனை அடைக்க அதை விட பெரிய வட்டிக்காரன் கிட்ட போகாதீங்க, கொழுந்தன் கிட்ட கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிடுங்க.

நகை விஷயத்துல மட்டும் நான் உங்க பக்கம் இல்ல, அதாவது இப்போதைக்கு. எசேக்கியாவும் ஒரு தடவை அதைத்தான் செஞ்சான், ஆலயக் கதவுல தானே அடிச்ச தங்கத் தகட்டையே உரிச்சு 30 தாலந்து பொன்னும் 300 தாலந்து வெள்ளியும் சனகெரிப்புக்கு கட்டினான், தாலந்துங்கறது அந்தக் காலத்து எடை அளவு. (சனகெரிப் கணக்குலயும் பொன் 30தான், வெள்ளி மட்டும் 800ங்கறான்.) அடுத்த வசனத்துலயே பெரிய படை எருசலேமுக்கு வருது! காசும் போச்சு, படையும் வந்துச்சு. அதனால எவ்வளவு கட்டினா எது நிக்கும்னு பேங்க்காரங்க கிட்ட எழுத்துல வாங்காம ஒரு வளையலைக்கூட கழட்டாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. 90 நாளுக்கு மேல கட்டலன்னா பேங்க் அதை வாராக்கடன்னு போட்டிருக்கும். அந்த மூணு கவர்ல ஏதாவது ஒண்ணுல 2002 சர்ஃபேசி சட்டம் (அடமானம் வச்ச சொத்தை பேங்க் எடுத்துக்க வழி பண்ற சட்டம்), பிரிவு 13(2)ன்னு போட்டிருந்தா பணம் கட்ட 60 நாள் டைம் உண்டு, அதுக்குள்ள உங்க ஆட்சேபனையை எழுதிக் குடுத்தா 15 நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லணும். தவணையை மாத்திக் குடுங்கன்னோ ஒரே தடவையில குறைச்சு முடிச்சுக்குங்கன்னோ கேக்கலாம், குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது, ஆனா கேக்காம தரவே மாட்டாங்க. வக்கீல் செலவுக்கு பயப்படாதீங்க, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா உதவி உண்டு.

கவரை அவர் இல்லாதப்ப நீங்களா பிரிக்காதீங்க, அது வேற சண்டையாகும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பிள்ளைங்க தூங்கினதும் 2 இராஜாக்கள் 19ஐ அவரையே சத்தமா படிக்கச் சொல்லுங்க, 14ஆம் வசனம் வந்ததும் நிறுத்திட்டு கத்திரிக்கோலை அவர் கையில குடுங்க. முதல்ல வந்த கவரை முதல்ல பிரிங்க, தேதி அதுலதான் இருக்கும்.