பின்கட்டில் தனி அறை வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருப் படிப்பகத்தைப் புதுப்பிக்கப் பணம் சேர்த்திருக்கிறோம். ஆட்டிசம் உள்ள பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாள்தோறும் வருகிறான். ஆனால் பத்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறிவிடுகிறான். அவனைப் போன்றவர்களுக்குப் பின்கட்டில் தனி அறை கட்டலாம் என்கிறார்கள் சிலர். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், செங்கோட்டை

பதில்: தனி அறையில் எனக்கு உடன்பாடில்லை. அவன் தேடி வருவது எல்லாரும் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் கூடத்தைத்தான். ஆகவே கொத்தனாரை அழைக்கும் முன் அந்தப் பையனை அழையுங்கள். பேசத் தயங்கினால் எழுதியோ, படம் வரைந்தோ, கையால் சுட்டியோ அவன் சொல்லட்டும்; எந்த நாற்காலியை நாடுகிறான், எந்தச் சத்தத்துக்கு எழுகிறான் என்பதை அவனுக்கும் பெற்றோருக்கும் தெரிவித்துவிட்டு ஒரு வாரம் குறித்துவையுங்கள். இதைச் சலுகையாக எண்ண வேண்டாம். இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை, அவர்களைப் பற்றிய முடிவுகளில் சிறுவர்கள் உட்பட அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. நமது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் குழுக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அவன் சொல்லக்கூடியவற்றில் விளக்கு ஒன்றாக இருக்கலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகிறது. பலர் அதை உணர்வதே இல்லை, சிலருக்கோ அதுவும் சோக்கின் ரீங்காரமும் தலைவலியாகிவிடும். மலிவான எல்.இ.டி. விளக்குகளிலும் சில இப்படி மினுக்கும் என்பதால், ஒன்றை மட்டும் வாங்கி மாட்டி, அதன் கீழ் அவன் உட்கார்ந்து சரி என்ற பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.

கூரை தகரமானால், சாரல் காலத்தில் உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் துளி நேராக அறையாது, வெயிலும் தணியும். கீற்று ஓரிரு ஆண்டில் மக்கிவிடும், மாற்றத்தான் வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறித்த டைல்ஸைச் சுவர் முழுக்க ஒட்டும் ஆசையிருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்: வழவழப்பான சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும், கனத்த திரைச்சீலையும் ஜமுக்காளமும் அதை வாங்கிக்கொள்ளும். கொல்லம் சாலையில் ஆரியங்காவுக்கு ஏறும் லாரிகளின் ஹாரன் உங்கள் ஜன்னலில் விழுகிறதென்றால், படிக்கும் மேசையை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தச் செலவே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சில நாள்களில் அவன் எழுந்து போவான். வாசல் தெரியும்படி ஓர் இருக்கையும் வெளித்திண்ணையில் ஒரு நிழலும் இருக்கட்டும். திரும்பி வரும்போது ஏன் போனாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.