ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் முதுமையில் பழைய மெட்டுகளையே திருப்பிப் போட்டாரா?

இல்லை என்பதுதான் என் பதில். ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிப் பட வரிசையின் முதல் படம் வந்த 1977இல் அவருக்கு வயது 45. 2015, 2017, 2019 என அதே வரிசையின் மூன்று படங்களுக்கு அவர் மீண்டும் இசையமைத்தபோது எண்பதைத் தாண்டிவிட்டார். மூன்றுமே ஆஸ்கர் பரிந்துரை பெற்றன.

பழைய மெட்டுகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு வருகின்றன என்று கவனியுங்கள். 2015 படத்தில் ரே என்ற பெண்ணுக்குப் புதிதாக ஒரு மெட்டு எழுதினார். அதில் எக்காள முழக்கம் கிடையாது. மணி ஒலிபோல் சின்னச் சின்ன சுரங்கள், அவற்றின் மேல் தனியாக ஒரு புல்லாங்குழல். யாருக்காகவோ காத்திருக்கும் பெண்ணின் தனிமை அப்படியே கேட்கிறது. பிறகு இதே மெட்டு, 1977 படத்தில் ‘ஃபோர்ஸ்’ என்ற மாய சக்திக்கு அவர் எழுதிய மெட்டோடு ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. பழையதோடு கைகோக்கும் என்று தெரிந்தே புதியதை எழுதியிருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்த இடம் அது.

2019 படத்தின் முடிவில், 1977 படத்தில் பார்த்த அதே இரட்டைச் சூரியன்களின் முன்னால் அந்தப் பழைய ‘ஃபோர்ஸ்’ மெட்டு திரும்புகிறது. நாற்பது வருட நினைவு அதற்குள் இருக்கிறது. வேறு யார் எழுதியிருந்தாலும் இந்தக் கனம் வந்திருக்காது.

2023இல், 91 வயதில், இந்தியானா ஜோன்ஸ் படத்திலும் ஹெலனா என்ற பாத்திரத்துக்குப் புது மெட்டுதான். இன்றும் கணினியில் அல்ல, பென்சிலும் தாளுமாகவே எழுதுகிறார்.