பனியன் துணி பருத்தியா என்று பார்க்க எந்த நுண்ணோக்கி வேண்டும்?
திருப்பூர் பனியன் துணி பருத்தியா, பாலியெஸ்டரா என்று மகளுக்குக் காட்ட எந்த நுண்ணோக்கி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டு நுண்ணோக்கிதானுங்க. குறைந்த பெருக்கத்தில் பொருளை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோ வகையில் துணியின் பின்னல் அழகாகத் தெரியும். ஒற்றை இழைக்கு அது போதாது.

கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 40 மடங்கு என்றால் மொத்தம் 400 மடங்கு. ஸ்லைடு என்ற கண்ணாடிப் பட்டையில் இழையை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுங்கள். முதலில் 4 மடங்கு வில்லையில் தேடிப் பிடியுங்கள், அப்புறம் 10, பிறகு 40. 40-க்கு வந்தபின் குவியம் சரிசெய்யும் பெரிய திருகைத் தொடவே கூடாது, வில்லை ஸ்லைடில் இடித்துவிடும். பருத்தி முறுக்கிய நாடா போல இருக்கும். பாலியெஸ்டர் பெரும்பாலும் வழவழப்பான கண்ணாடிக் குச்சி போல. அந்த முறுக்கை அவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

வில்லை துடைக்கும் ஸ்பிரிட் புட்டியில் சிவப்பு விளிம்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால் எளிதில் தீப்பற்றும் என்று பொருள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.