ஏழு நாளில் எது ஊறும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ்லாந்தில் சினைக் குதிரைகளிடம் வாரம் 5 லிட்டர் ரத்தம் எடுத்து, பன்றிகளுக்குப் போடும் ஹார்மோன் ஊசி தயாரிக்கிறார்களாம். "அவ்வளவு பெரிய உடம்புக்கு 5 லிட்டர் ஒன்றுமில்லை, ஒரே வாரத்தில் ஊறிவிடும், நாமும் ரத்த தானம் செய்கிறோமே" என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையில் குதிரைக்கு என்ன ஆகிறது?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அதிலுள்ள புரதம் தேற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆகவே எட்டாம் நாள் மறுபடி ஊசி குத்தும்போது குதிரையின் உடம்பில் ஓடுவது நீர்த்த ரத்தம். உங்கள் நண்பர் லிட்டரைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது இடைவெளியை.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஐஸ்லாந்துக் குதிரை சிறிய இனம். 360 கிலோ எடை, கிலோவுக்கு 75 மில்லி ரத்தம் என்று வைத்தால் மொத்தம் 27 லிட்டர். 5 லிட்டர் என்பது அதில் 18 சதவீதத்துக்கும் மேல். ஒரு பருவத்தில் 8 முறை வரை எடுக்கிறார்கள். 40 லிட்டர்! ஆய்வக விலங்குகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு, வாரம் ஒருமுறை என்றால் 7.5 சதவீதம், 15 சதவீதம் எடுத்தால் 4 வாரம் ஓய்வு. நம் ரத்த வங்கியில் பெண்களுக்கு 4 மாத இடைவெளி உண்டு, கர்ப்பிணியிடம் எடுப்பதே இல்லை. பாம்புக்கடி மருந்துக்கும் குதிரை ரத்தம்தான் வேண்டும். அங்கே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஐஸ்லாந்தில் முழு ரத்தமும் போகிறது.

ஏன் சினைக் குதிரை? கருவிலிருந்து வரும் செல்கள் 36ஆம் நாளையொட்டிக் கருப்பைச் சுவரில் புகுந்து கிண்ணம் போன்ற திசுக்களாகின்றன. பன்றிகளுக்குப் போடும் பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. சுமார் 40ஆம் நாள் முதல் 120ஆம் நாள் வரைதான் அது ரத்தத்தில் கிடைக்கும். மனிதக் கர்ப்ப ஹார்மோனைப்போல இது சிறுநீரில் இறங்குவதில்லை, அதனால் ரத்தத்தைத்தான் எடுத்தாக வேண்டும். கரு அப்போது மிகச் சிறிது. தாயின் உடம்புக்குப் பெரிய செலவு அதனால் அல்ல, பாலால். இந்தக் குதிரைகளில் பல, அந்த ஆண்டு ஈன்ற குட்டிக்குப் பாலும் கொடுத்துக்கொண்டிருப்பவை. 5 லிட்டர் ரத்தத்தோடு முக்கால் கிலோவுக்குக் குறையாத புரதமும் 2 கிராம் அளவுக்கு இரும்பும் வெளியேறுகின்றன. இரும்பைப் புல் ஈடுகட்டிவிடும். புரதம்தான் இடிக்கும்.

சோகையைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல். குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக் கிடங்கு மாதிரி. மிரண்டால் அது சுருங்கி, இருப்பதையெல்லாம் ரத்தத்தில் தள்ளிவிடும். கூண்டுக்குள் தள்ளித் தலையைத் தூக்கிக் கட்டிய குதிரையிடம் மாதிரி எடுத்தால் ஹீமோகுளோபின் நன்றாக இருப்பதாகவே காட்டும். ரத்தம் எடுத்த உடனே பார்த்தாலும் பயனில்லை; எண்ணிக்கை இறங்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். புது அணு உற்பத்தியைக் காட்டும் இளம் சிவப்பணுக்களையும் குதிரையின் எலும்பு மஜ்ஜை வெளியே விடுவதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்பே, குதிரை அமைதியாக இருக்கும்போது சோதிக்க வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 44ஐத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், குளிர்ந்த காது எல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள்.

அடுத்தது ஊசி. தடித்த ஊசி, கழுத்துச் சிரையில். கழுத்தின் மேல்பாதியில் சிரைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. கீழே இறங்கினால் அந்தக் காப்பு இல்லை: தமனியில் குத்திவிடக்கூடும், பக்கத்து நரம்பு சேதமாகி மூச்சு விடும்போது தொண்டை இரையக்கூடும். ஒரே இடத்தில் வாராவாரம் குத்தினால் ரத்தக்கட்டு, சிரை அழற்சி, அடைப்பு. இரு பக்கமும் அடைத்துவிட்டால் தலையே வீங்கி, விழுங்கவும் முடியாது. மேய்ச்சலில் திரிந்து, மனிதக் கை அதிகம் படாத குதிரைகள் இவை. கூண்டுக்குள் திமிறும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும்.

அர்ஜென்டினா, உருகுவே பண்ணைகளில் ஒரே தடவையில் 10 லிட்டர் வரை எடுத்ததாகவும், கருவைக் கலைத்து மறுபடி சினைப்படுத்தியதாகவும் விலங்கு நல அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. 450 கிலோ குதிரைக்கு 10 லிட்டர் என்பது 30 சதவீதத்தை நெருங்குகிறது. அது, ரத்த ஓட்டம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலையின் வாசல். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 அக்டோபரில் இந்த ஹார்மோனின் இறக்குமதியையும் உற்பத்தியையும் நிறுத்தக் கோரியது. ஆனால் அந்தத் தீர்மானம் சட்டமல்ல.

இத்தனையும் எதற்கு என்றால், பன்றிகளை எல்லாம் ஒன்றாக, ஒரே நாளில் இனச்சேர்க்கைப் பருவத்துக்குக் கொண்டுவர. பால் கொடுப்பது நின்ற தாய்ப்பன்றி நல்ல தீவனத்தில் இருந்தால் 4 முதல் 7 நாளில் தானாகவே பருவத்துக்கு வரும். குட்டிகளை ஒரே நாளில் பிரித்து, தினமும் ஆண் பன்றியை மூக்கோடு மூக்கு காட்டினால் பெரும்பாலானவை சேர்ந்தே வந்துவிடும்.