வாட்ஸ் முக்கியமா, பார்ட்ஸ் முக்கியமா? ஆம்ப்ளிஃபயர் கேள்வி பதில்

கே (திண்டுக்கல்): அண்ணே, 2000 வாட்ஸ்னு எழுதின செட் 6,000 ரூபாய்க்குக் கிடைக்குது. கம்பெனி ஆம்ப் வெறும் 50 வாட்ஸ், விலை மூணு மடங்கு. எதை வாங்கட்டும்?

ப: தம்பி, அந்த 2000-க்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்துக்கான உச்ச பவர்) என்று போட்டிருக்கும். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. விற்கிறவர் போட்டதுதான் கணக்கு. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய நிஜமான பவர், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் செட்டைத் திருப்பி ஃப்யூஸைப் பாருங்கள். இதே மாதிரி ஒன்று என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. ஃப்யூஸ் 500 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 115 வாட்ஸ். உள்ளே போகிற கரண்டே அவ்வளவுதான். 2000 எங்கிருந்து வெளியே வரும்? திறந்தால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு 4440 ஐசி (சின்ன ஆம்ப் சிப்). உள்ளே உள்ள இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் ஒரு ஐசி 19 வாட்ஸ் தரும், அதுவும் சத்தம் நன்றாகவே சிதைகிற நிலையில். அந்த 50 வாட்ஸையே வாங்குங்கள்.

கே (கோவை): அப்போ வாட்ஸ் அதிகமா இருக்கணும்னு அவசியமே இல்லையா சார்?

ப: அப்படி ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது சராசரியாக 1 வாட் போனாலே அதிகம். ஆனால் நாதஸ்வரக் கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும்போது தவிலில் ஓங்கி ஓர் அடி விழுகிறது. அந்த ஒரு கணத்துக்குச் சராசரியைவிட 10 முதல் 30 மடங்கு பவர் வேண்டும். ஆம்பிடம் அது இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, அடி "சத்"தென்று செத்துப்போய்க் கேட்கும். சின்ன ஆம்பை ஃபுல் வால்யூமில் வைத்து ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகிப்போவதும் இந்த வெட்டால்தான். நடுத்தர அறைக்கு ஒரு சேனலுக்கு நிஜமான 30 முதல் 50 வாட்ஸ் வையுங்கள்.

கே (தஞ்சாவூர்): 40-லிருந்து 80 வாட்ஸுக்கு மாறினா சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?

ப: ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு பவர் வேண்டும். அதற்குப் பதில் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 80 வாட்ஸ் தருகிற சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸிலேயே தந்துவிடும்.

கே (மதுரை): 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்டு போர்டு அசெம்பிள் பண்ணினேன். மாசத்துக்கு ஒரு தடவை டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகுது. சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க் பெரிசாத்தான் இருக்கு.

ப: பெரும்பாலும் டூப்ளிகேட்தான். பார்ட்ஸ் தரம் ஆளைக் கவிழ்க்கும் இடம் இதுதான். செத்த டிரான்சிஸ்டர் ஒன்றைக் கட்டிங் பிளையரால் உடைத்துப் பாருங்கள். ஒரிஜினலில் சிலிக்கான் சில்லு நல்ல அகலமாக உலோகத் தகட்டில் உட்கார்ந்திருக்கும்; போலியில் எள்ளளவு துண்டுதான். மேலே பிரிண்ட் அச்சு அசலாக இருக்கும், நம்பாதீர்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்கவே வேண்டாம். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மைக்கா ஷீட்டும் பேஸ்ட்டும் சரியாக இருக்கிறதா, பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கே (சேலம்): ஆடியோ கிரேட் கப்பாசிட்டர் ஒண்ணு 1,500 ரூபாய் சொல்றாங்க. மாத்தினா வித்தியாசம் தெரியுமா?

ப: சிக்னல் வழியில் நல்ல பாலியஸ்டர் கப்பாசிட்டர் போதும், அது சில ரூபாய்தான். அந்தக் காசை டிரான்ஸ்ஃபார்மரிலும், பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டரிலும் போடுங்கள். பவர் சப்ளை தொய்ந்தால் மற்ற எல்லாமே தொய்யும். ஃபில்டர் கப்பாசிட்டரை ஹீட் சிங்க்கை ஒட்டி வைக்காதீர்கள். 10 டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கே (திருநெல்வேலி): ஐயா, 25,000 ரூபாய் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது? அறை 10-க்கு 12, டைல்ஸ் தரை.

ப: 15,000 ஸ்பீக்கருக்கு, 8,000 ஆம்புக்கு. மீதியில் தரைக்குக் கனமான ஜமக்காளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் வாங்குங்கள். முதலில் ஜமக்காளத்தை விரித்துவிட்டு, இப்போது இருக்கிற செட்டிலேயே ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.