சம்பல் தெராசி ஏன் நீர்த்துப் போகிறது, ஏன் நுரைக்கிறது?

கேள்வி: கணவரின் வேலைக்காக இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் சுரபாயாவில் குடியிருக்கிறோம். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் பொரித்த கோழியோடு தரும் சம்பல் தெராசி (தெராசி என்னும் இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சட்னி) வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நானும் மிளகாய், வெங்காயம், தக்காளி, தெராசி எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து எண்ணெயில் கொதிக்கவிடுகிறேன். பச்சை வாடை போகவில்லை, தண்ணீர் தனியாகப் பிரிகிறது, பாட்டிலில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தால் மூன்றாம் நாள் நுரைக்கிறது. வினிகர் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: வினிகர் வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் காரணம் தண்ணீர்தான். 100 கிராம் பழுத்த மிளகாயில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர். தக்காளியில் இன்னும் அதிகம். பச்சையாக அரைத்ததும் அந்தத் தண்ணீர் மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே நீங்கள் வதக்கவில்லை, வேகவைக்கிறீர்கள். வறுபட்ட மணம் அந்தச் சூட்டில் வராது.

கிழக்கு ஜாவாவின் கடைக்காரர்கள் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள்: முதலில் முழுசாகப் பொரிப்பது, பிறகு அரைப்பது. நீங்களும் இந்த ஒன்றை மாற்றுங்கள், பாதி வேலை முடிந்தது.

நாலு பேருக்கு ஒரு வேளைக்கான அளவு இது. சாபே கெரிதிங் என்று சந்தையில் விற்கும் நீளமான சுருட்டை மிளகாய் 100 கிராம், சாபே ராவித் என்னும் சின்னக் காரமிளகாய் பழுத்தது 20 கிராம், சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு இரண்டு பல், நன்கு பழுத்த தக்காளி ஒன்று, தெராசி இரண்டு தேக்கரண்டி (ஏறக்குறைய 10 கிராம்), குலா மெரா என்னும் தென்னை வெல்லம் 15 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி. கெரிதிங் நிறத்துக்கும் சதைக்கும், ராவித் காரத்துக்கு. காரம் குறைய வேண்டுமென்றால் ராவித்தைக் குறையுங்கள். கெரிதிங்கைக் குறைத்தால் சம்பலே மெலிந்துவிடும். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாம். மதுரா தீவின் சுமெனெப் பக்கம் பனைமரத்திலிருந்தே வெல்லம் காய்ச்சுகிறார்கள், கிடைத்தால் அதுவும் நன்றாக இருக்கும்.

மிளகாயைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, ஒவ்வொன்றிலும் கத்தி நுனியால் ஒரு கீறல் போடுங்கள். கீறாமல் போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு மிளகாய் வெடிக்கும், சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடுத்தர நெருப்பில் வெங்காயத்தை இரண்டு நிமிடம் வதக்கிப் பூண்டைச் சேருங்கள். பூண்டு இளம்பொன்னிறமானதும் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் மிளகாய் மூன்று நான்கு நிமிடம். தோல் கொப்பளித்துச் சுருங்க வேண்டும், ஆனால் சிவப்பு மங்கிப் பழுப்பாகக் கூடாது. பழுப்பானால் கசப்பு வந்துவிடும். கடைசியில் இரண்டாக நறுக்கிய தக்காளியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, குழைந்து ஓரம் கருகத் தொடங்கும்வரை விடுங்கள். ஐந்து ஆறு நிமிடம் ஆகும். இங்கே அவசரப்படுகிறவர்களுக்குத்தான் தண்ணீர்ச் சம்பல் கிடைக்கிறது.

தெராசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சுவையின் அடிப்படையே அதுதான். ரெபோன் என்னும் பொடி இறாலை உப்பிட்டு, காயவைத்து, இடித்து, புளிக்கவைத்துச் செய்வது. சிரெபோன், லாசெம், பாங்கா தீவின் தோபோஆலி ஆகிய இடங்களின் தெராசிக்கு நல்ல பெயர். உங்கள் மாகாணத்திலேயே ஜெம்பெர் அருகே புகெரிலும் செய்கிறார்கள். (மலேசியத் தமிழர் பெலாச்சான் என்று வாங்குவது இதன் நெருங்கிய உறவு.) வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். கரும்பழுப்பாகவோ லேசான ஊதா கலந்த பழுப்பாகவோ இருப்பதே இயல்பு. பளிச்சென்ற சிவப்போ ரோஜா நிறமோ இருந்து, விரலில் சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள். ரோடமின் பி என்னும் துணிச் சாயம் கலந்த தெராசி இந்தோனேசியச் சந்தைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான அதே சாயம்.

தெராசியைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. உங்கள் சம்பலில் பச்சை வாடை நிற்பதற்கு இது இரண்டாவது காரணம். மெல்லிய வில்லையாகத் தட்டி, அலுமினியத் தாளில் மடித்து, காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சுடுங்கள். பிசுபிசுப்பு போய்க் கையால் நசுக்கினால் உதிர வேண்டும். தாளுக்குள் இருப்பதால் வீட்டில் வாடை பெரிதாகப் பரவாது. 100 கிராம் பொட்டலத்தை ஒரேயடியாகச் சுட்டுப் பொடித்து, இறுக மூடும் பாட்டிலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். ஒவ்வொரு முறையும் வாடையோடு போராட வேண்டியதில்லை.

அரைப்பதற்கு சோபெக் என்னும் கல் சட்டியும் உலெகான் என்னும் குழவியும் வாங்கிவிடுங்கள். மெராபி எரிமலையின் அடிவாரத்தில், முந்திலான் பகுதியில் எரிமலைக் கல்லில் செதுக்கியவை நல்லவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிமென்ட் வார்ப்பை வாங்கிவிடாதீர்கள். அதிலிருந்து மணல் உதிர்ந்து உணவில் சேரும். ஆணியால் கீறிப் பாருங்கள்: பொடிப்பொடியாக உதிர்ந்தால் சிமென்ட். அசல் கல்லையும் புதிதில் ஊறிய பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு, அரைத்த மாவு வெள்ளையாக வரும்வரை பழக்க வேண்டும்.

குழவியால் இடிக்கக் கூடாது, மணிக்கட்டை மடக்கி இழுத்துத் தேய்க்க வேண்டும். அம்மியில் அரைத்த கைக்கு இது தானாக வரும். உப்பும் மிளகாயும் முதலில். உப்பின் சொரசொரப்பு மிளகாய்த் தோலைப் பிடித்துக் கிழிக்கும். அடுத்து வெங்காயம், பூண்டு, பிறகு தெராசி, வெல்லம். தக்காளி எப்போதும் கடைசி, முன்னால் போட்டால் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். தோலும் விதையும் கண்ணுக்குத் தெரிகிற கொரகொரப்பில் நிறுத்தி, பொரித்த எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலந்தால் முடிந்தது.

மிக்சிதான் என்றால், ஒரு வினாடி ஓடவிட்டு நிறுத்தி, நாலைந்து முறை சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் காற்று கலந்து நிறம் வெளிறி ஆரஞ்சாகும், விழுதும் பசைபோல ஆகிவிடும். பிளேடு சிக்கினால் பொரித்த எண்ணெயை விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

இனி நுரை. தக்காளி, வெல்லம், மிச்சத் தண்ணீர், அறைச் சூடு — நுண்ணுயிர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நுரைத்ததை மறுபடி கொதிக்கவைத்து மீட்கலாம் என்று பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சேமிக்கும் சம்பலைத் தனியாகவே செய்ய வேண்டும், தக்காளி இல்லாமல். இரு வகையும் சேர்த்து மிளகாய் 250 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு நாலு பல், சுட்ட தெராசி 20 கிராம், வெல்லம் 30 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி, எண்ணெய் 120 மில்லி, நெல்லிக்காய் அளவு புளியை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்த கெட்டிக் கரைசல். மேலே சொன்னபடி பொரித்து அரைத்து, வெல்லம் தவிர மற்றதை அதே எண்ணெயில் சேர்த்துச் சிறு தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் கிளறுங்கள். முதலில் பெரிய குமிழிகள் சத்தத்தோடு வெடிக்கும், அது தண்ணீர் போகும் சத்தம். குமிழி சிறுத்து, சத்தம் அடங்கி, எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து நிற்கும்போது வெல்லத்தைச் சேர்த்து மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். வெல்லத்தை முன்னாலேயே போட்டால் அடிபிடித்துக் கசக்கும்.

கண்ணாடிப் பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். ஆவி பறக்கும்போது மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் திரும்ப உள்ளே சொட்டும். ஆறவிட்டு மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உறைபெட்டியில் ஐஸ் அச்சுகளில் ஊற்றி வைத்தால் மூன்று மாதம். மேடையில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றுப் புகாத பூண்டும் வெங்காயமும் பாட்டுலிசம் என்னும் உயிருக்கு ஆபத்தான நோயைத் தரும் கிருமிக்கும் அதன் நச்சுக்கும் இடம் தரக்கூடியவை. அந்த நச்சு நுரையாகவோ நாற்றமாகவோ தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. போதிய அமிலம் இருந்தால் அந்தக் கிருமி வளராது. ஆனால் வீட்டில் கண்ணளவாக ஊற்றும் புளியோ வினிகரோ அந்த அளவை எட்டியதா என்று நாக்கால் அறிய முடியாது. போதாததற்கு வினிகர் தெராசியின் மணத்தையும் அமுக்கிவிடும்.

புளிப்பு வேண்டுமென்றால் பரிமாறும்போது ஜெருக் லிமாவ் என்னும் சிறு எலுமிச்சையைப் பாதி பிழியுங்கள். அடுப்பில் சேர்த்தால் அதன் மணம் பறந்துவிடும், தோலை நசுக்கிப் பிழிந்தால் கசக்கும். வீட்டில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தாலோ, மீன் வகை சேர்க்காதவர்கள் இருந்தாலோ, தெராசி இல்லாமல் இதே சம்பலைச் செய்வதைவிட சம்பல் பாவாங் என்னும் பூண்டுச் சம்பல் செய்யுங்கள். ராவித் மிளகாய் பதினைந்து, பூண்டு மூன்று பல், உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைப் பச்சையாகவே கல்லில் நசுக்கி, புகையத் தொடங்கும் எண்ணெயை மூன்று மேசைக்கரண்டி அதன்மேல் ஊற்றினால் போதும். அது அந்த வேளைக்கு மட்டும்தான். மிஞ்சினால் எடுத்து வைக்காதீர்கள்.