மணவாழ்வும் எச்.ஐ.வி.யும்: கேள்வி பதில்

கேள்வி: கணவரைத் தவிர வேறு எவருடனும் எனக்கு உறவு இருந்ததில்லை. எனக்கும் பரிசோதனை வேண்டுமா?

பதில்: வேண்டும். உங்கள் கட்டுப்பாடு உங்களைப் பொறுத்தது. தொற்றோ அவருடைய கடந்த காலத்தையும் பொறுத்தது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தோன்றாமலே இருக்கலாம் என்பதால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று ஒருவர் மனமறியப் பொய் சொல்லாமலே தவறாகச் சொல்லிவிட முடியும்.

கேள்வி: ஒருவர் அடுத்தடுத்து மூவருடன் உறவு கொள்கிறார், மற்றொருவர் ஒரே காலத்தில் இருவருடன். எது அதிக ஆபத்து?

பதில்: யாருக்கு ஆபத்து என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமக்குத் தொற்று வரும் வாய்ப்பைப் பொறுத்தவரை எண்ணிக்கையே முக்கியம். ஆனால் அவருடைய துணைகளுக்கு ஒரே காலத்து உறவுகளே அதிகக் கேடு. முதல் உறவு முடிந்தபின் அந்தப் பழைய துணைக்குத் தொற்று வந்தால் அது அடுத்தவரை எட்டாது. இரண்டும் சேர்ந்து நடக்கும்போது எந்தப் பக்கம் வந்தாலும் மறுபக்கம் போகும். தொற்றிய முதல் சில வாரங்களில் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும், அப்போது தொற்றியவருக்கே அது தெரியாதிருப்பதும் இதைக் கடுமையாக்குகின்றன.

கேள்வி: திருமணத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் 'இல்லை' என்று வந்துவிட்டால் போதுமா?

பதில்: விரைவுப் பரிசோதனை புதிய தொற்றைக் காட்ட 90 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே கடைசியாக ஆபத்துக்கு இடமளித்த நாளிலிருந்து கணக்கிட்டு, இருவரும் எடுங்கள். ஒருவரை மட்டும் சோதிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எனக்குத் தொற்று உண்டு, மணக்கவிருக்கும் பெண்ணுக்கு இல்லை. திருமணமும் குழந்தையும் சாத்தியமா?

பதில்: சாத்தியம். ஆனால் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் தொற்று பரவுவதில்லை. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 இணையர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவு நிகழ்ந்தும், சிகிச்சையிலிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அதே ஆய்வில் 11 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. அவர்களிடமிருந்த வைரஸின் மரபணு துணையினுடையதோடு பொருந்தவில்லை, அதாவது அது வெளியிலிருந்து வந்தது. உங்கள் வைரஸ் அளவு அப்படிக் குறையும் வரை ஆணுறையையும், அந்தப் பெண்ணுக்கு முன்தடுப்பு மாத்திரையையும் (தொற்று இல்லாதவர் அது வராமலிருக்க முன்கூட்டியே உட்கொள்வது) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தாய்க்குத் தொற்று இல்லையெனில் தந்தையிடமிருந்து நேரடியாகக் குழந்தைக்கு வராது.